தாய்மாமன் பெயர்

ராஜபாளையத்து அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டரின் வெளிச்சம் அச்சுக் கோக்கும் பரிபூரணத்தின் முகத்தில் நடுங்குகிறது. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயருக்குக் கீழேயா தன் பெயர் என்று தாய்மாமன் சுயம்புலிங்கம் முறுக்கிக்கொண்டதால், இடம் மாற்றச் சொல்லி மணப்பெண்ணின் அப்பா காசிராஜன் பரிபூரணத்தின் பின்னால் நிற்கிறார். ஈய எழுத்து கோத்த நாளில் இரண்டு வரிகளையும் எடுத்து மாற்றி வைத்ததுபோலவே, திரையில் மாமன் பெயரை வெட்டுகிறாள். அதை எங்கும் ஒட்டாமல் உடனே சித்தப்பா பெயரையும் வெட்டுகிறாள். மேலே ஒட்டினால் சித்தப்பா வருகிறார். கீழே ஒட்டினாலும் அவரே வருகிறார். “எம் மச்சினன் எங்கம்மா?” என்கிறார் காசிராஜன். “ரெண்டு பேரையும்தான எடுத்தேன் அண்ணாச்சி...” என்றபடி மௌஸைத் தூக்கி அடியில் பார்க்கிறாள். வாசலில் மொபெட் வந்து நிற்கிறது. “எம் பேரு மேல ஏறிருச்சா அத்தான்?” என்று கேட்டுக்கொண்டே சுயம்புலிங்கம் செருப்பைக் கழற்றுகிறார்.