நீர்க்காகத்தைத் துரத்த ஒரு விமானம்

ஹாஜியாரின் விமானம் கிளம்பியதும் வாலைத் தாழ்த்தியது, வெறிகாரனைப் போல ஒருதரம் தள்ளாடியது, இறால் குளத்து வரம்பில் மூக்குக் குப்புற விழுந்தது. சொந்தக்காரர் ரிமோட்டும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றார். தலையில் அடித்துக்கொண்டு ஓடியது பண்ணைக் காவல்காரன் தோமஸ்தான்.

"ஐயோ மாதாவே! செட்டை முறிஞ்சு போச்சே, ஹாஜியார்!"

பெற்ற பிள்ளை விழுந்திருந்தாலும் தோமஸ் அந்த ஓட்டம் ஓடியிருக்க மாட்டான். உடைந்த வெள்ளை ரெஜிபோம் நுரைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டான்.

"விடுங்க தோமஸ்," என்றார் செய்னுலாப்தீன் ஹாஜியார். "மச்சான் டோஹால இருந்து அனுப்பினான் எண்டு நானும் பூட்டத் தொடங்கினன். இந்த வயசுல பிளேன் வெளையாட்டா எண்டு ஊட்டுல பொஞ்சாதி பரீனா அப்பவே சென்னா. நீர்க்காகத்த வெடி போட்டே வெரட்டுவம்."

"வெடியா? யுத்தத்தையே பாத்த காகம் ஹாஜியார் அதுகள். சீனவெடிக்கு அசையுமா?"

முந்தலில் இருந்த அந்தப் பண்ணையில் கொஞ்சக் காலமாக இறால் குறைந்துகொண்டே வந்தது. நீர்க்காகம் தின்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவனே தோமஸ்தான். அதனால்தான் ஹாஜியார் விமானத்துக்குப் பருந்தின் நிறம் பூசி, கண்ணும் சொண்டும் கீறியிருந்தார்.

மோட்டார் கொட்டிலில் திரும்பவும் வேலை தொடங்கியது. பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் சீனாக்காரன் எழுதிய இங்கிலீசில் இருந்தது. ஹாஜியார் அதைக் குர்ஆனுக்கு அடுத்தபடியாக நம்பி வாசிக்க, தோமஸ் வெட்டினான், தேய்த்தான், ஒட்டினான். ஒருநாள் பசையில் அவனுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மனைவி டொறத்தி திட்டித் திட்டிச் சோறு தீத்திவிட்டாள்.

செட்டை பொருந்தியதும் ஹாஜியார் அதன் அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தார். வால் தொங்கியது.

"பாத்தீங்களா, வால் பாரம். அதுதான் அண்டைக்கு உழுந்திரிக்கு. மூக்குக்குப் பாரம் வைக்கோணும்."

தோமஸ் உற்சாகத்தில் மடியைத் துழாவி ஓர் ஈயக்குண்டை எடுத்து நீட்டினான். "இது சரி வருமா, ஹாஜியார்?"

ஹாஜியார் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "வீச்சு வலைக் குண்டு. எங்கால?"

"கடக்கரையில சும்மா கிடந்தது."

"இது பாரம் கூட," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவரே தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அளவான பாரம் என்றார். தோமஸ்தான் அதை மூக்கின் அடியில் வைத்து, அசையாதபடி டேப் சுற்றினான்.

இந்த முறை விமானம் ஏறியது. தென்னைகளுக்கு மேலால் ஏறி, வெயிலில் மினுங்கி, முழுப் பண்ணையையும் ஒரு வட்டம் அடித்தது. கம்புகளில் குந்தியிருந்த நீர்க்காகங்கள் செத்தோம் பிழைத்தோம் என்று களப்புப் பக்கம் பறந்தன. தோமஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் மேல ஏத்துங்க, ஹாஜியார்! இன்னும் மேல!"

அவன் கண் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் ஹாஜியார் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லாக் குளங்களையும் பார்த்தபடியே இருப்பார். ஓர் இறால் துள்ளினாலும் திரும்புவார். விமானம் வந்த பிறகு அவர் பார்வை வானத்தை விட்டு இறங்குவதில்லை.

மேலே மோட்டார் இரைந்ததும், கடைசிக் குளத்துக் கண்டல் பத்தைக்குப் பின்னால் டொறத்தி சீத்தையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலையை வீசுவாள். அந்த இரைச்சலில் வலை விழும் சத்தம் யாருக்கும் கேட்காது. கீரைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்து, இறால் அன்றைக்கே முந்தல் சந்திச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும். பழி முழுவதும் காகத்துக்கு.

டொறத்திக்கு ஒரேயொரு குறைதான். "அந்தச் சனியன் எந்த நாளும் என்ட தலைக்கு மேலாலயே போகுது. எனக்கெண்டா பயமா இரிக்கு."

"உழாது, பயப்பிடாத," என்றான் தோமஸ். "நான் ஒட்டின செட்டை அது."

கிழமைகள் போயின. ஹாஜியார் கை தேர்ந்துவிட்டார். ஒருநாள் பின்னேரம் விமானத்தைப் பூப்போல வரம்பில் இறக்கி, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தோமஸ் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இப்ப ஒரு காகம் இல்ல பாருங்க, ஹாஜியார்."

"ஓம், மாஷா அல்லாஹ். நானும் பாத்தன். ஒண்டும் இல்ல."

"இதவிடப் பெரிசா ஒண்டு எடுத்தா என்ன? கன நேரம் மேல நிக்கும். நானே பூட்டித் தாறன்."

"வேணாம் தோமஸ், எனக்கு இதே போதும்." ஹாஜியார் தேநீரை ஒரு வாய் உறிஞ்சி, நல்ல சாயம் என்று தலையாட்டினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வலை வீசக்குள்ள டொறத்திய ஒருக்கா மேல பாத்துச் சிரிக்கச் செல்லுங்க. படத்துல முகம் சரியா உழுகுதில்ல."