கூட இருக்கிறவங்க

காரை ஓட்டிக்கொண்டிருந்த தேவகியின் கண் பாதி ரோட்டிலும் பாதி பக்கத்து சீட்டிலும் இருந்தது. பக்கத்து சீட்டில் அவள் கணவர் புவனேசன் அவளையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் பசாரில் மீன் வாங்கப் போன மனிதர், வாய்க்கு வந்ததை உளறி, மீன்காரனை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே சரிந்துவிட்டார். இனிப்பு நீர் நோய்க்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு பசியாறாமல் கிளம்பியதால் வந்த வினை.

"சீனி இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாம கோபம் வரும், பேச்சு மாறும். அவங்களுக்கே தெரியாது, கூட இருக்கிறவங்கதான் கவனிக்கணும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து கார் சாவி தேவகியிடம். அவர் ஆயுசுக்காக வெள்ளிக்கிழமை விரதமும் ஆரம்பித்துவிட்டாள்.

இன்று வெள்ளி. விடிந்தும் விடியாத நேரத்தில், இரண்டு பேர் மாத்திரையும் கிடக்கும் பிஸ்கட் டின்னைத் துழாவி அவருடையதை அவர் கையில் கொடுத்தாள். தன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். விரதம் சாப்பாட்டுக்குத்தானே, மாத்திரைக்கு என்ன? அவரோ தட்டில் வைத்த ரொட்டியைத் தொடவே இல்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

செமிலிங் கோயிலில் உச்சிப் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. பட்டப்பகலிலும் மரங்களுக்குள்ளே இருண்டு கிடந்தது.

"கோயிலுக்குத் திரும்புற சிம்பாங்க தாண்டிட்டே" என்றார் புவனேசன்.

"அந்த முனை இன்னும் வரலீங்க."

"அது எப்பவோ போயிடுச்சு. காரை நிறுத்து."

பேச்சு மாறிவிட்டது. "இனிப்பா சிராப் கலக்கி வெச்சிருக்கேன். அந்தப் போத்தல எடுத்துக் குடிங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல லா! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

கோபமும் வந்துவிட்டது. பயத்தில் தேவகிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்டியரிங் கையில் வழுக்கியது. ஏர்கோனைக் கூட்டி வைத்தாள். எதிரே வந்த லோரி ஹாரனை விடாமல் அலறவிட்டது. யாரைப் பார்த்து இந்த லோரிக்காரன் இப்படிக் கத்துகிறான் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் புத்தி கலங்கிப்போச்சு! முதல்ல குடிங்க!"

புவனேசன் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். லோரி உரசாத குறையாகக் கடந்துபோனது. கார் புல்லில் இறங்கியது. அவர் இன்னொரு கையால் ஹேன்பிரேக்கை இழுக்க, ஒரு செம்பனை மரத்துக்கு முன்னால் குலுங்கி நின்றது.

அடுத்து அவர் கை அவள் தாடையைப் பற்றியது. கொல்லப் போகிறார். சுயநினைவில்லாமல் என்னைக் கொன்றுவிட்டு அப்புறம் அழப் போகிறார் என்று தேவகி நினைத்தாள். கழுத்துக்குப் போகும் என்று அவள் பயந்த மறு கை, சிராப் போத்தலை அவள் வாயில் சாய்த்தது.

"என் விரதம்!" என்று திமிறினாள். அவர் விடவில்லை.

"முழுங்கு, தேவகி. கொஞ்சம் கொஞ்சமா முழுங்கு."

போத்தல் காலியாகி வெகுநேரம் கழித்து நடுக்கம் அடங்கியது. அடங்கிய பிறகுதான் நடுங்கியது தன் கை என்று அவளுக்குத் தெரிந்தது. புடவை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

புவனேசன் சட்டைப் பையில் கைவிட்டார். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்த காலை மாத்திரையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேவகி, நீ எங்கிட்ட குடுத்தது உன்னோட கொதிப்பு மாத்திரை."