ஒட்டடைக்குச்சி நிற்கும் இடம்

மாலை வெயில் உயரச் சன்னல் வழியாக இறங்கி, கல்லூரிக் கூடைப்பந்துத் தளத்தின் மரப்பலகைகளில் சோம்பலாகக் கிடக்கிறது. வளையத்துக்குக் கீழே, அணியிலேயே உயரமானவன், ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கியவன், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். போன ஆட்டத்தில் எதிரணிக்காரன் இவனை இடுப்பால் இடித்தே கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டான். இன்றும் நகர்ந்தால் நாளை இறுதி ஆட்டத்தில் பெஞ்சுதான். அவனைத் தள்ளிப் பார்க்க உடற்பயிற்சி மாஸ்டர் தடித்த பஞ்சுத் திண்டைக் கையில் எடுக்கிறார். "இடுப்ப இறக்குடா. நெட்டுக்குத்தா நின்னா எவன் வேணா அடியில பூந்து தூக்கிருவான்." மாதக்கணக்கில் எடைக்கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்த தொடைகள் தாழ்கின்றன, குதிகால்கள் தரையைக் கவ்வுகின்றன. மாஸ்டர் திண்டை அவன் முதுகில் பதித்து முட்டுகிறார். அசைவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தொப்பையையும் துணைக்குச் சேர்த்து முட்டுகிறார். கிரீச் கிரீச்சென்று சத்தம். வழுக்குவது அவருடைய காலணிதான். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அவர் முதுகைத் தள்ள, மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து தரையில் உட்காருகிறார்கள். வாயிலிருந்து விசில் விழ, மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அவன் திரும்பவே இல்லை. தாழ்ந்த இடுப்பும் விரித்த கைகளுமாகக் காத்து நின்றபடியே கேட்கிறான்: "சார், தள்ள ஆரம்பிச்சிட்டீங்களா?"