விரிசல் விழுந்த சிடி

"ட்ரேயைப் புடிச்சு அழுத்தாதக்கா, ஒடிஞ்சிடும்" என்று செல்வகுமாரியின் கையைத் தடுத்தாள் ரஞ்சனி.

பாகூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள் ரஞ்சனி. சிடி போடும் வசதியுள்ள பழைய லேப்டாப் ஒன்று அவளிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அன்றைய மீன் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பனித்திட்டிலிருந்து வந்திருந்தாள் செல்வகுமாரி.

சிடியை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள் ரஞ்சனி. நடு ஓட்டையை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல்.

"இன்னாக்கா இது? சுத்தற வேகத்துல உள்ளயே செதறிடும். சிடியும் போவும், டிரைவும் போவும்."

"என் கல்யாண வீடியோம்மா. இது ஒண்ணுதான் மிச்சம். அவரு முகம் தெரிஞ்சா போதும்."

"அண்ணன் போயி எத்தினி வருஷமாவுது?"

"மூணு."

ரஞ்சனி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். டிரைவ் போனால் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். சிடியைப் பதமாகப் பொருத்தி, சுற்றும் வேகத்தைக் குறைத்து வைத்தாள்.

"மேசை மேல கை வெக்காதக்கா. ஆட்டம் கூடாது."

டிரைவ் முனகியது, நின்றது. மறுபடி முயன்றாள். இந்த முறை காப்பி ஆகத் தொடங்கியது. இருபது சதவீதம், நாற்பது... எழுபதில் 'டக்'கென்று ஒரு சத்தம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எப்படியோ நூறு வந்தது.

சுற்றுவது முழுதாக நிற்கும்வரை காத்திருந்து ட்ரேயைத் திறந்தாள். விரிசல் பாதி சிடிக்கு ஓடியிருந்தது.

திரையில் மேளச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளை தாலி கட்டினார். ரஞ்சனிக்குக் கண் கலங்கியது. செல்வகுமாரி அழவில்லை, திரையை நெருங்கி வந்து உற்றுப் பார்த்தாள்.

"முகம் நல்லா தெரியுது இல்ல?"

"தெளிவா தெரியுதுக்கா. இதைப் பெருசா பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணித் தரட்டா? மாலை போட்டு வெக்கலாம்."

"அதெல்லாம் வேணாம்மா. பென் டிரைவுல போட்டு எனக்கு ஒண்ணு, வக்கீலுக்கு ஒண்ணு குடு. 'இவ யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு போன வாரம் கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டுப் போனாரு உங்க அண்ணன்."