பள்ளத்தாக்கைக் கடக்கப் போன பாராகிளைடர்

மலையுச்சிப் பாறையில் அமர்ந்திருந்த பருந்தை, அருகே விரிந்து கிடந்த, காற்றில் உப்பி ஆளைத் தூக்கிப் பறக்கும் துணிச்சிறகான புதுப் பாராகிளைடர் வம்புக்கு இழுத்தது.

“என்ன அக்கா, பறக்கவில்லையா? சிறகு வலியோ?”

“காற்று முதுகில் அடிக்கிறது, தம்பி. எதிர்க்காற்றுதான் தூக்கிவிடும், இது தள்ளிவிடும்.”

“சோம்பலுக்கு இப்படியொரு சாக்கா! பள்ளத்தாக்கைக் கடந்துகாட்டுகிறேன், பிறகு என்னையும் பறவையென்று ஒப்புக்கொள்.”

இந்தத் துணிக்கு இத்தனை வாயா என்று பருந்து வியந்துகொண்டிருக்கும்போதே, முதுகுக் காற்றை நம்பிப் பாய்ந்த பாராகிளைடர் உப்பாமலே சுருண்டு, சரிவிலிருந்த கள்ளிப்புதரில் கிழிந்து தொங்கியது.

“காற்று சதி செய்துவிட்டது!” என்று அலறியது.

பருந்தோ, காற்று திசை மாறும்வரை காத்திருந்து, சிறகை விரித்தது. ஒருமுறைகூட அடிக்காமல் மேலெழுந்து, புதருக்கு மேலே வட்டமிட்டபடி சொன்னது:

“பத்திரம், தம்பி. காயப்போட்ட துணியென்று யாராவது மடித்தெடுத்துப் போய்விடப் போகிறார்கள்.”