கலப்புச் சொல்

அகதிகளாக வந்த யோனானின் குடும்பம், தாங்கள் அரமேய மொழிக்காரர்கள் என்று நிரூபித்தால்தான் அந்த நாட்டில் தங்க முடியும். அதற்காக அதிகாரிகள் வீட்டுச் சுவரில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். பேச்சில் குர்தியச் சொல் கலந்தால் அது சிவக்கும்; சிவந்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

“இப்பவும் அது கேக்குதா?” என்று யோனான் மனைவி ஷமீரானிடம் கிசுகிசுப்பான். அவர்கள் ஊர் அரமேயத்தில் பாதிச் சொற்கள் அண்டைவீட்டுக் குர்தியர்களிடமிருந்து வந்தவை. கருவி சிவந்துவிடும் என்று பயந்து ஷமீரான் அவனைப் பேசவே விடவில்லை.

ஒரு காலையில் மகள் கொதிக்கும் தேநீர்க் கெண்டியை நோக்கிக் கை நீட்டினாள். எச்சரிக்கும் சொல் யோனானின் நாக்கு வரை வந்துவிட்டது. குர்தியச் சொல். கருவியைப் பார்த்து விழுங்கினான். தூய சொல்லைத் தேடுவதற்குள் குழந்தை அலறினாள்.

மகளின் வெந்த கையைத் தண்ணீரில் பிடித்தபடி, ஷமீரான் சுவரைப் பார்த்து அந்தச் சொல்லை உரக்கக் கத்தினாள்.

“எங்க மொழியில இதுக்கு இதுதான் சொல்லு. நல்லாக் கேட்டுக்க!”