டஜனுக்கு ஒரு ஆள் குறையுது

"மெட்ராஸ் மொத்தக் கடையில புத்தகத்தை டஜனா வாங்கினாத்தான் விலை கொறையும். மத்த கிளாஸ்காரங்கள்லாம் அப்படித்தான் வாங்குறாங்க. நமக்கு ஒரு ஆளு கொறையுது, நீ சேருடா கிபாயத்து!" என்றான் சேதுமாதவன்.

சிதம்பரம் ஹாஸ்டல் அறையில் கிபாயத்துல்லா கையிலிருந்த நோட்டை மூடினான்.

"சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. அந்தக் கடலூர் புக் டிப்போக்காரன் இன்னும் யுத்த காலத்து விலையே போடுறான். தபால்ல அனுப்பியே நம்மள மொட்டையடிச்சுட்டான், கொள்ளைக்காரன்!" என்றான் சேது.

எல்லோரும் சிரித்தார்கள். கிபாயத்துல்லா பணத்தை எடுத்துக் கொடுத்தான்.

பார்சல் வந்தபோது அவன் ஊருக்குப் போயிருந்தான். பிறகு திரும்பவேயில்லை. அவனுடைய சர்வே பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சேதுவே அவன் ஊரான கடலூருக்கு ரயிலேறினான்.

விசாரித்துப் போன விலாசத்தில் இருந்தது, அதே புக் டிப்போ. வாசலில் புத்தகங்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிபாயத்துல்லா ஏணியில் நின்று போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா கடையாடா இது?"

"அத்தா கடை. மூடியாச்சு. என் படிப்பும் அவ்வளவுதான்."

"அடப்பாவி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என் எதிர்ல அவரைத் திட்டியிருக்க மாட்டீங்க. ஆனா அப்பவும் புத்தகம் மெட்ராஸ்லதான் வாங்கியிருப்பீங்க."